வேப்பெண்ணெய்க் காரம் என்று சொன்னேன்

நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் ஒரு பெண்ணின் வலது கண் கெட்டது.

அணுபுரம் குடியிருப்பில் இருந்துகொண்டு அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, பக்கத்தில் வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் குடியேறினேன். எங்கள் தேங்காயை ஆட்டிய எண்ணெய், வேப்பெண்ணெய், கற்றாழைச் சாறு, ஆட்டுப்பால் எல்லாம் சேர்த்து சோப்பு செய்ய ஆரம்பித்தேன். கேட்டவர்களிடமெல்லாம், "கெமிக்கலே கிடையாது" என்பேன். காஸ்டிக் சோடா இல்லாமல் எண்ணெய் சோப்பாகாது. வேதியியல் படித்தவன் நான். சோப்பு நன்றாக ஆறிவிட்டால் சோடா மிஞ்சாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

மீனவர் குப்பத்திலிருந்து கூடையோடு மீன் விற்க வரும் அம்மா ஒருநாள் சோப்பு கேட்டார். மறுநாள் அவர் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

"இத்த தேச்சா மீன் வாசன பூடுமா சாரே? இல்லாங்காட்டி மாப்ள வூட்டுக்காரங்க என்னையே கொழம்புல போட்டுடுவாங்க."

சிரித்துக்கொண்டே ஒரு கட்டியைக் கொடுத்தேன். வாரக்கணக்கில் ஆற வேண்டியது, சில நாள்தான் ஆகியிருந்தது. வெட்டிய பக்கத்தில் கரையாத சோடா வெள்ளைத் துகளாகத் தெரிந்தது. பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"மூஞ்சிக்குப் போட்டேன், கண்ணு பத்திகினு எரியுது சாரே. இன்னா போட்ட அதுல?"

"ஒண்ணுமில்லம்மா. வேப்பெண்ணெய்க் காரம்தான்."

"அவ்ளோதானா? அப்ப மருமவள தாய்ப்பால் வுடச் சொல்லிட்டு செத்த நேரம் படுக்கறேன்."

கண் எரிந்தால் தாய்ப்பால் விடுவது இங்கே வழக்கம். சோடா பட்ட கண்ணையோ தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் சொன்னால் சோடா போட்டதையும் சொல்லியாக வேண்டும். போனை வைத்துவிட்டேன்.

போலீஸ் வருமோ, குப்பத்து ஆட்கள் திரண்டு வருவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், அந்தத் துகள் இப்போது கண்ணுக்குள் என்ன செய்துகொண்டிருக்கும் என்று தோன்றியது. திரும்ப அழைத்தேன்; எடுக்கவில்லை. காரை எடுத்தேன்.

குப்பத்து வீட்டில் அந்த அம்மா கண்மேல் துணியைப் போட்டுக்கொண்டு முனகியபடி படுத்திருந்தார். "அந்த சோப்புல காஸ்டிக் சோடா இருக்கு. தண்ணி கொண்டாங்க" என்று கத்தினேன். மருமகள் குடத்தோடு ஓடிவந்தாள். மகன் என் சட்டையைப் பிடித்தான்.

"படிச்சவன்தான நீ? அப்பவே சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

அவர்களை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் பின்சீட்டில் மருமகள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள். டாக்டரிடம் எதையும் மறைக்கவில்லை. "முதல்லயே கழுவியிருந்தா…" என்று ஆரம்பித்தவர், அந்த அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

சோப்பு செய்வதை நிறுத்தினேன். வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் உண்மையைச் சொன்னேன். வைத்தியச் செலவு என்னுடையது. பரிசோதனைக்குக் கூட்டிப்போவதும் நான்தான். வண்டியில் ஏறிக்கொள்கிறார், ஏதாவது கேட்டால் பதிலும் சொல்கிறார். ஆனால் சொட்டு மருந்தை வாங்கி வந்து நான் நீட்டினால் கை நீட்டுவதில்லை. மருமகள் வாங்கி, மருந்தின் பெயரைப் படித்துக் காட்டிய பிறகுதான் கண்ணைத் திறக்கிறார்.