கட்டுரையில் செல்வி எங்கே?

போன வாரம் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. இங்கிலாந்திலிருந்து ஹெலன் என்று ஓர் ஆராய்ச்சியாளர் திருப்பூருக்கு வந்திருந்தார். நல்ல பெண். நம்மூர் வெயிலைக்கூடக் குறை சொல்லவில்லை.

அவருடைய ஆராய்ச்சி என்ன? 'இத்தனை காலம் நாங்கள் உங்களிடம் தகவலை வாங்கிப்போய், அதை அறிவு என்று சொல்லி எங்கள் பெயரைப் போட்டுக்கொண்டோம். இனி இரண்டு பேரும் சேர்ந்து உருவாக்குவோம்.' கேட்கவே குளுகுளுவென்று இருந்தது. காரில் ஏசியும் இருந்தது.

திருப்பூர் ராயபுரத்தில் செல்வி வீட்டுக்குப் போனோம். செல்விக்குத் தூத்துக்குடிப் பக்கம். இங்கே பனியன் கம்பெனியில் டெய்லர். ஏற்கெனவே அவரைப் பேட்டி எடுத்திருந்த ஹெலன், எழுதிய கட்டுரையை அவருக்கே படித்துக்காட்ட வந்திருந்தார். எத்தனை பேர் இதைச் செய்வார்கள், சொல்லுங்கள்?

கட்டுரைக்கு உயிரே செல்வியின் கண்டுபிடிப்புதான். ஒடிசாவிலிருந்து வரும் பெண்களுக்குத் தமிழ் தெரியாது. செல்விக்கு ஒடியாவும் தெரியாது, இந்தியும் தெரியாது. எப்படித் தொழில் சொல்லிக்கொடுப்பது? வேண்டுமென்றே ஒரு டீ-ஷர்ட் கையைத் தப்பாகத் தைத்து நீட்டுவார். புதுப் பெண் உட்கார்ந்து தையலைப் பிரிப்பாள். பிரிக்கும்போதே, எப்படித் தைத்தது என்று பிடிபட்டுவிடும். அப்புறம் சரியாகத் தைப்பாள். பேச்சே வேண்டாம்.

தலையாட்டிக்கொண்டே கேட்டு வந்த செல்வி, ஓரிடத்தில் என்னை நிறுத்தினார்.

"அது யாருங்க, பங்கேற்பாளர் ஏழு?"

"நீங்கதானுங்க."

"எனக்குப் பேரு இருக்குல்லா?"

ஹெலன் விளக்கினார். பெயரை மறைப்பது செல்வியின் பாதுகாப்புக்காகவாம். ஆராய்ச்சி நெறிகளைக் கவனிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் விதியாம்.

"நான் என்ன, கம்பெனியப் பத்திக் கோளா சொன்னேன்? வேல சொல்லிக் குடுக்கிறதத்தான சொன்னேன்! நான் தைக்கிற டீ-ஷர்ட்லதான் எவன் பேரோ இருக்கு, போவட்டும். இது என் மூளையில வந்ததுல்லா? இதுக்கும் அந்தம்மா பேரு மேல, நான் ஏழாம் நம்பரா?"

மொழிபெயர்த்தேன். 'மூளை' என்ற இடத்துக்கு வந்தபோது என் குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அப்படிச் செய்யக் கூடாது. செய்தேன்.

ஹெலனின் முகம் சிவந்துவிட்டது. விதியைத் தன்னால் மாற்ற முடியாதே என்றார் — பாவமாக.

செல்வி உள்ளே போய்க் காபி கொண்டுவந்து வைத்தார். அந்தக் கோபத்திலும் சர்க்கரை சரியாக இருந்தது. பிறகு நிதானமாகச் சொன்னார்:

"அப்பம் ஒண்ணு செய்யுங்க. நான் சொன்னத மட்டும் பிரிச்சுக் குடுத்துருங்க. மிச்சத்த நீங்களே தச்சுக்கிடுங்க."

ஹெலன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். மிச்சம்... முன்னுரையும் நன்றியுரையும் இருந்தன.

அங்கேயே உட்கார்ந்து, செல்வியின் பெயரைப் போட அனுமதி கேட்டுக் கமிட்டிக்கு மெயில் அனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை. ஹெலன் கட்டுரையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

சீக்கிரம் தைக்கக் கற்றுக்கொள்வார்.