குப்பை வண்டி திரும்பின மாசம்

கிராம சபையில் எனக்கு ஆற்றங்கரை வேலை. இலங்கையில், பசறைப் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். கரை இடியாமல் மூங்கில் நட வேண்டும், அடைப்பு எடுக்க வேண்டும். அறுபத்தாறாம் வருஷத்திலிருந்து அதுதான் பிழைப்பு.

நான் மூங்கில் நட்ட அதே வளைவில்தான் அதே சபையின் வண்டி கடைவீதிக் குப்பையைக் கொட்டும். கோழிக்குடல், அழுகின மரக்கறி, எல்லாம். கீழே தேயிலைத் தோட்டத்து லயம், கூலிச் சனத்தின் வரிசை வீடுகள். லயத்துச் சனம் ஆற்றுத் தண்ணியை வாய்க்காலில் இழுத்து, தண்ணி விழ ஒரு பீலி வைத்திருந்தார்கள். குடிக்க, குளிக்க அதுதான். என் அக்கா அந்த லயத்தில் இருந்தாள்.

வண்டிக்காரனிடம் சொன்னேன்.

"கொட்டச் சொல்றாங்க, கொட்டுறேன். நீ பாட்டுக்கு நட்டுக்கிட்டு இரு" என்று சிரித்தான்.

ஒரு வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிக்க, செம்பில் தண்ணி எடுத்துச் சோடிக்க, ஆற்றங்கரைக்குப் போனோம். பூசாரி செம்பை முக்கி எடுத்தார். செம்பைச் சுற்றிக்கொண்டு குடல் வந்தது. தப்படித்தவன் கை நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் ஒனக்குச் சம்பளமா தம்பி?"

மறுநாள் சேர்மனிடம் போனேன். சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"குப்பைய வேற எடத்துல கொட்டணுங்க ஐயா. லயத்துச் சனம் குடிக்கிற தண்ணி."

"லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தொரைகிட்டப் போய்ச் சொல்லு."

"ஆறு சபைக்குச் சொந்தங்க."

"அங்க எத்தன ஓட்டு இருக்கு?"

பிரஜாவுரிமை இல்லாத சனம், ஒரு ஓட்டும் கிடையாது. அவருக்கும் தெரியும். எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

வண்டிப் பாதைக்குக் குறுக்கே மூங்கில் நட்டேன். பிடுங்கிப் போட்டார்கள். திரும்ப நட்டேன். திரும்பப் பிடுங்கினார்கள்.

பிறகு இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி அந்தச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அக்காவைப் பதுளையில் நான்தான் ரயில் ஏற்றிவிட்டேன். லயத்தை இடித்து, ஓட்டு உள்ளவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். அதே மாசம் குப்பை வண்டி வேறு பக்கம் திரும்பியது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஓய்வு கிடைத்ததும் தலைமன்னாரில் கப்பல் ஏறினேன். ராமேஸ்வரம், மதுரை பார்த்தேன். கடைசியில் கோத்தகிரிப் பக்கம் அக்கா வீடு. அங்கேயும் கொழுந்துதான் பறித்தாள்.

"பீலித் தண்ணி இப்ப எப்படிடா?"

"சுத்தமா இருக்கு."

முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ நீ சொன்னதக் கேட்டானுங்க!"

"இல்லக்கா. நீங்கள்லாம் போன பொறகுதான்."



"நாசமாப் போவானுங்க" என்றாள். அவள் வாயில் அப்படி நான் கேட்டதே இல்லை.

நானும் அதையே சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.