பஞ்சு மாதிரி தூவிய தூள்

"மறுபடியும் மொத சிகரம் குட்டையாத்தான் வந்திருக்குது, நஜ்மா," என்று பிளசி கணினித் திரையில் ஏறி இறங்கும் வரைகோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"போன வாட்டி நெட்டையா இருந்துச்சேங்கக்கா. அதே தூளுதாங்க."

"போன வாட்டி கண்ணாடிய வெச்சு அமுக்குன. இப்ப பஞ்சு மாதிரி தூவியிருக்கற. மெத்தக்காரர் பொண்ணுன்னு காட்டிட்டியே."

நஜ்மா சிரிக்கவில்லை. "அமுக்குனா துகளெல்லாம் ஒரே பக்கமா படுத்துக்கும், சிகரம் பொய்யா நெட்டையாயிடும்னு சார்தான் திட்டுனாருங்க. இப்ப ரெண்டும் ஒத்து வரலன்னா, ஒண்ணு நானா போட்டுக்கிட்டதுங்கறாரு."

தருமபுரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், தூளின் மேல் கதிரைப் பாய்ச்சி அது என்ன பொருளென்று சிகரங்களாக வரைந்து காட்டும் எக்ஸ்ரே கருவியை ஓட்டுபவள் பிளசி. நஜ்மா அங்கே ஆராய்ச்சி மாணவி; சார் அவளுடைய ஆய்வு நெறியாளர். அவள் அப்பா அப்துல் சுபான் இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர். அடித்து உப்ப வைத்ததே நல்ல பஞ்சு என்று பார்த்து வளர்ந்த கைதான், தூளையும் சலித்துப் பூப்போலத் தட்டில் தூவியிருந்தது. பிரியாணிக் கடைகளில் கேட்டு வாங்கிய முட்டை ஓடுகளை உலையில் சுட்டு, எலும்பில் இருக்கிற தாதுவாக அவள் மாற்றிய வெள்ளைத் தூள் அது.

தூளுக்குள் காற்று நின்றால் மேற்பரப்பு மேடும் குழியுமாகிவிடும். தாழச் சாய்ந்து வரும் கதிர் அந்த மேடுகளில் மாட்டிக்கொள்ளும். அப்போது பதிவாகும் முதல் சிகரங்கள் சுருங்கும். கதிர் நிமிர நிமிர அந்தத் தொல்லை குறையும். பிளசி இதை சாரிடம் போய்ச் சொன்னாள்.

"சொன்னா ஆச்சாம்மா? அளந்து காட்டச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்கு மேல அவ ஆய்வேட்டுல என்னால கையெழுத்துப் போட முடியாது," என்றார் அவர்.

அமுக்கவும் கூடாது, தூவவும் கூடாது. தட்டை நிமிர்த்தி, முகப்பில் கண்ணாடியை வைத்து மூடி, பக்கவாட்டிலிருந்து தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். அதற்குத் தூள் கூடுதலாக வேண்டும். உலையின் கம்பிச்சுருளோ எரிந்து போயிருந்தது. புதிதாகச் சுட வழியில்லை. நஜ்மா குப்பியைச் சுரண்டினாள், பழைய தட்டுகளைத் துடைத்துச் சேர்த்தாள். அப்படியும் தட்டின் ஓரம் வெறுமையாகவே நின்றது.

சிகரம் முந்தைய நெட்டைக்கும் குட்டைக்கும் நடுவில் வந்தது.

"இப்ப மூணாவதா ஒண்ணா?" என்று சார் காகிதத்தை நகர்த்தி வைத்தார்.

கையெழுத்து கிடைக்காமல் அடுத்த வாரம் ஓசூரில் ஒரு கம்பெனி வேலைக்குக் கிளம்பிய நஜ்மா, பேருந்து நிலையத்தில் பிளசியின் கையில் ஒரு பையைக் கொடுத்தாள். கழுவிக் காயவைத்த முட்டை ஓடுகள்.

"உலைய சரி பண்ணுனாங்கன்னா, இத ஒரு தடவ சுட்டு, தட்டு நெறைய வெச்சுப் பாருங்கக்கா. சார்கிட்ட காட்ட வேணாங்க. நான் பொய் சொல்லலன்னு வந்தா, எனக்கு மட்டும் ஒரு போன் பண்ணுங்க."