ஒரு கட்டிலா, ரெண்டு கட்டிலா

பல்லாவரத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிற அந்த விடுதிக்கு வைத்தியத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள்தான் அதிகம். வரவேற்பு மேசையில் முதாசிர். அறை கேட்டு யார் போன் செய்தாலும், கூட வருபவர் என்ன உறவு என்று இங்கிலீஷில் விசாரித்துவிடுவான். ‘பார்ட்னர்’ என்றால் ஒரு கட்டில். ‘ஃபிரெண்ட்’ என்றால் ரெண்டு.

ஒரு தடவை நைரோபிப் பெண்மணி ஒருத்தி ‘மை கேர்ள்ஃபிரெண்ட்’ என்றாள். இவனும் ஒரே கட்டில் போட்டான். வந்து இறங்கியவர்கள் பள்ளிக்கூடத் தோழிகள். மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு கூச்சமெல்லாம் கிடையாது. “ஒன் பெட் ஆர் டூ, மேடம்?” என்று நேராகவே கேட்டுவிடுவான்.

அடுத்தவர் விஷயத்தில்தான் இந்தத் தெளிவெல்லாம். சொந்த விஷயத்தில் ஐயா சரியான மழுப்பல். ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் சோயாவைக் கட்டிக்கொள்வதென்று இருவரும் பேசி முடித்து வருஷமாகிறது. அம்மா அக்தர் பேகத்திடம் மட்டும் இன்னும் ‘ஃபிரெண்ட்’. அந்தம்மா பாவம், மும்முரமாகப் பெண் தேடி, வர்ற வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுக்குப் பேசப் போவதாக இருந்தாள். இவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தே செருப்பைத் தேய்த்தான்.

புதன்கிழமை சோயா விடுதிக்கே வந்து நின்றாள். “வீட்ல சொன்னியா?”

அவன் வாயைத் திறப்பதற்குள், லண்டன்காரர் ஒருவர் சாவி கேட்டு வந்தார். சோயாவைப் பார்த்துச் சிரித்து, “யுவர் கேர்ள்ஃபிரெண்ட்?” என்றார்.

“நோ, நோ, சார். ஜஸ்ட் ஃபிரெண்ட்.”

அவர் மாடியேறிப் போகட்டும் என்று சோயா காத்திருந்தாள். பிறகு அமைதியாகக் கேட்டாள்.

“அந்தாளு நாளைக்கு ஃப்ளைட் ஏறிடுவாரு. உங்கம்மாகிட்ட வந்து போட்டுக் குடுக்கப் போறாரா? அவருகிட்டகூட உன்னால சொல்ல முடியலையே.”

முதாசிருக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்குப் பயந்து சொன்ன பொய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். யாருக்கும் பயப்பட வேண்டாத இடத்திலும் அதே பொய் தானாக வந்து விழுந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அவள் படியிறங்குவதற்குள் வீட்டுக்குப் போன் போட்டான்.

“இன்னாடா, வேலை நேரத்துல?”

“அம்மா, வெள்ளிக்கிழமை அந்த வூட்டுக்குப் போவாத. நான் கட்டிக்கப்போற பொண்ணு இங்க கீது. சோயா. ஃபிரெண்டுன்னு சொன்னது பொய்.”

போன் கட்டாகிவிட்டதா என்று எடுத்துப் பார்த்தான்.

“அதுகிட்ட குடு” என்றாள் அம்மா.

அதுவரை வீராப்பாக நின்ற சோயா பின்வாங்கினாள். பிறகு போனை வாங்கிச் சலாம் சொன்னாள். அம்மாவின் குரல் அவனுக்கும் கேட்டது. அதில் கோபம் தெறித்தது.

“வெள்ளிக்கிழமை உங்க வூட்ல பெரியவங்க யாரு இருப்பாங்க? நான் வரணும்.”