வில்லியத்தின் ஆறாவது எலும்பு

பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே மினிபஸ் ஓட்டும் வில்லியம், வருஷத்தில் முந்நூற்று அறுபத்துநான்கு நாள் சிரிக்கமாட்டார். மிச்சமுள்ள ஒரு நாள் கரோல் ஊர்வலம். அன்றைக்குச் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் தலையணை வயிறுமாக நத்தார் பப்பாவாகி அவர் இடுப்பை ஆட்டும் ஆட்டத்தில், ஏறி நிற்கும் உழவு இயந்திரப் பெட்டியும் சேர்ந்து ஆடும். இருபத்திரண்டு வருஷமாக அந்த அங்கியை வேறொருவரும் போட்டதில்லை.

ஏழு வருஷமாக அவருக்கு நாரி நோ, இடுப்புப் பக்கம் முதுகடியில் ஓயாத வலி. எண்ணெய் பூசினார், ஒத்தடம் பிடித்தார், சீற்றில் பலகை வைத்தார். நோ அசையவில்லை, அவர்தான் அசைய முடியாமல் போனார். கடைசியில் ஸ்கான் எடுத்தார்கள். அறிக்கையை மனைவி ரஞ்சினி கண்ணாடி போட்டு எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

“இஞ்சாருங்கோ, எல்லாருக்கும் நாரியிலை அஞ்சு முள்ளெலும்பாம். உங்களுக்கு ஆறாம்.”

“ஆறோ? திருப்பி எண்ணும்.”

“நான் எங்கை எண்ணினது? மெசினெல்லோ எண்ணினது.”

டொக்டரைப் பார்க்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒரு தேவாலயச் சபைக்குக் கதை பரப்ப அது தாராளம். ரஞ்சினி மாதர் சங்கத்தில் செபக் குறிப்பாக ஒரு வசனம்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போதகர் ‘நமது சகோதரனின் மேலதிக எலும்பு’க்காகக் கண்மூடி வேண்டினார். திங்கள் தொடக்கம் ஆட்கள் மோல்ட் மாப் பேணியும் தோடம்பழமுமாக நோயாளி பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் சுகம் கேட்டார்கள்; பிறகு, “ஒருக்காத் திரும்புங்கோ பாப்பம்” என்றார்கள்.

மாதர் சங்கத் தலைவி வினிபிரட் அக்கா வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்.

“ஆதாமின்ரை எலும்பிலைதான் ஆண்டவர் ஏவாளைச் செய்தவர். உமக்கு ஒண்டு கூட இருக்கெண்டா, ரெண்டாம் பெஞ்சாதிக்கு வைச்சதாக்கும்.”

ரஞ்சினி நின்ற குசினிக்குள் ஒரு சட்டி விழுந்தது.

எலும்பை வெட்டி எடுக்கத்தான் வேண்டும் என்று சபை முடிவு கட்டிவிட்டது. அதனால் இந்த முறை நத்தார் பப்பாவின் அங்கி, வங்கியில் வேலை செய்யும் றொஷானிடம் போனது. நல்ல பெடியன், ஆனால் ஆடினால் லைற் போஸ்ட் நடப்பதுபோல இருக்கும். வில்லியம் அலுமாரியைத் திறந்து, வெறும் கொழுவியைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடினார்.

டொக்டர் ஆரபி படத்தைப் பார்த்தாள். கால் விறைக்கிறதா, சிறுநீர் போவதில் கரைச்சலா என்று கேட்டாள். இரண்டும் இல்லை. காலைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஐயா, உந்த எலும்பு பிறக்கேக்கையே உங்களோடை வந்தது. இப்ப வயசென்ன?”

“அம்பத்தாறு.”

“நோ?”

“ஏழு வருஷம்.”

“அப்ப மிச்ச நாப்பத்தொன்பது வருஷமும் உது சும்மாதானே இருந்தது?”

வில்லியம் விரல் மடித்துப் பார்த்தார். கணக்குச் சரி.

“உப்பிடிக் கொஞ்சப் பேருக்கு இருக்கும். ஸ்கான் எடுக்காதபடியாத் தெரியாது. உதாலைதான் நோகுதெண்டு சொல்லேலாது. வெட்டி எடுக்கிற சாமானுமில்லை.”

“அப்ப என்ரை நோ பொய்யோ?” அவருடைய குரல் இறங்கியது.

“நோ மெய், ஐயா. பகல் முழுக்கச் சீற்றிலை இருக்கிறியள். மிச்ச நேரம் நோகுமெண்ட பயத்திலை அசையாமல் கிடக்கிறியள். நாரி பலமில்லாமல் போகாதோ? இடுப்பை மெல்ல முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிப் பழகவேணும்.”

வில்லியம் எழும்பி இடுப்பை ஆட்டிக் காட்டினார். “இப்பிடியோ?”

ஆரபி பேனையைக் கீழே வைத்தாள். “எங்கை ஐயா பழகினனீங்கள்?”

“சபையிலை.”

அவள் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, அந்த ஒரு கேள்வியைக் கேட்டார். “நத்தாருக்கு ஆடலாமோ டொக்டர்?”

“ஆடத்தான் வேணும். துள்ளாதேங்கோ. களைச்சா இருங்கோ, பிறகு எழும்பி நடவுங்கோ.”

கரோல் அன்று பின்னேரம் றொஷானே அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். “அண்ணை, காப்பாத்துங்கோ! ஒத்திகையிலை சின்னனுகள் அழுதிட்டுதுகள்.”

ஊர்வலம் போகும் வீடுகளில் பாதி அவருக்கு, பாதி றொஷானுக்கு என்று பேச்சாகியது. ரஞ்சினி தலையணையை எடுத்து வந்து வயிற்றில் கட்டினாள். பிறகு சின்னதொன்றை எடுத்து முதுகிலும் வைத்துக் கட்டினாள்.

“பின்னாலை ஏன்?”

“உங்கடை ஆறாவது எலும்புக்கு. விழுந்தாலும் நோகாது.”

ஏழாவது வீடு வினிபிரட் அக்காவுடையது. அதற்குள் நாரி நோகத் தொடங்கியிருந்தது. வில்லியம் துள்ளலை நிறுத்தினார், இடுப்பை நிறுத்தவில்லை.

படலையில் நின்று அக்கா கத்தினார். “வில்லியம், எலும்பை எடுத்தாச்சோ?”

“இல்லை அக்கா!” தாடிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. “அதுதான் ஆடுது!”