ஒருநாளும் வலிக்காத பல்

காலையில் பல் தேய்த்துத் துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக இருக்கும். வருஷக்கணக்காக அப்படித்தான். உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். பிரஷ்ஷை மாற்றினேன். ரத்தம் வரும் பக்கத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டேன். ரத்தம் குறைந்தது; சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

கீழ்வரிசை முன்பற்கள் விலக ஆரம்பித்தன. என் அம்மாவுக்கும் சீக்கிரமே பல் போய்விட்டது. எங்கள் வம்சத்து வாகு இது, இதற்கு என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கோச்சிக்காத. கொஞ்ச நாளா உன் வாய்ல ஒரு வாடை வருது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிறுதோறும் சர்ச்சில் பாடகர் குழுவில் நிற்கிறவள் நான். பக்கத்தில் நிற்பவர்கள் எத்தனை நாளாக மூச்சை அடக்கிக்கொண்டு பாடினார்களோ!

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் ஏறி அம்பத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, “ஈறு உள்ளயும் சுத்தம் பண்ணணும்மா, கண்டிப்பா திரும்ப வாங்க” என்றாள்.

அன்று ராத்திரி நாக்கால் தடவினால் எங்கு பார்த்தாலும் சந்து. தண்ணீர் பட்டால் கூசியது. ஒரு பல் நன்றாகவே ஆடியது.

“க்ளீன் பண்ணா இப்டிதான் ஆவும். எங்க ஃபேக்டரில ஒர்த்தருக்கு ஆட்டங்கண்டு போச்சு” என்றார் கணவர்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நன்றாக இருந்த பல்லை அந்தப் பெண் கெடுத்துவிட்டாள் என்று கோபம். திரும்பிப் போகவில்லை.

சில மாதம் கழித்து, ஆராதனை முடிந்து வாசலில் டீயும் பன்னும் கொடுத்தார்கள். பன்னைக் கடித்தேன். வாயில் ஏதோ கல் மாதிரி உருண்டது. துப்பிப் பார்த்தால் என் பல். வலியே இல்லை. ரத்தமும் இல்லை. வலித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கர்சீப்பில் சுற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கழிப்பறைக்குப் போய் நின்றேன்.

மறுநாள் அதே டாக்டரிடம் போனேன்; கணவரும் கூட வந்தார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று டாக்டர் கேட்கவில்லை. பல்லை விளக்கடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல சொத்தையே இல்லம்மா. நல்ல பல்லு. நிக்கிறதுக்குக் கீழ எலும்பு இல்ல, அவ்ளோதான்.”

“அன்னிக்கு சுரண்டினதாலதானே ஆடிச்சு?” என்று கேட்டே விட்டேன்.

“முன்னாடியே ஆடிட்டுதான் இருந்துச்சு. காரை கெட்டியா ஒட்டிப் புடிச்சிருந்ததால உங்களுக்குத் தெரியல.”

“வலிக்கவே இல்லையே?”

“இது ஈறு நோய், உள்ள எலும்பைக் கரைச்சிடும். பெரும்பாலும் வலிக்காதும்மா. அதான் கஷ்டம்.”

பக்கத்தில் இருந்த இரண்டு பற்களையாவது காப்பாற்ற முடியுமா என்று கேட்டேன். எக்ஸ்ரேவைப் பார்த்துக்கொண்டே, “முயற்சி பண்ணலாம்” என்றாள். முடியும் என்று சொல்லவில்லை.

கணவர் மெதுவாக எழுந்து, “டாக்டர், என் வாயையும் ஒரு தடவ பாத்துடுங்க” என்றார். என்னிடம் பல் வைத்தியம் பேசிய மனிதர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.

இப்போது நாங்கள் இருவருமே அந்த டாக்டரிடம் தவறாமல் போகிறோம். என்னுடைய அந்த இரண்டு பற்களில் ஒன்று இன்னும் லேசாக ஆடுகிறது.