தீர்ப்பு முதலில், வழக்கு பிறகு

பொன்னாடை என்றாலே எனக்கு ஆகாது. ஒருவர் தோளில் போர்த்தி, மடித்து, அலமாரிக்குள் வைத்து, அடுத்த விழாவில் இன்னொருவர் தோளுக்கு அனுப்புவதற்காகவே நெய்த துணி அது. மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து துணைச் செயலாளராக ஓய்வு பெற்றவள் நான். கடைசி நாளில் போர்த்தியதோடு போதும் என்றுதான் இருந்தேன்.

ஆனால் நன்கொடை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? தில்லி கிட்வாய் நகரில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு ஒரு சின்னக் கூடம் உண்டு. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் அங்கே மேடையும் திரையும் விளக்குகளும் போட்டுக் கொடுத்தேன். ஒரே நிபந்தனை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் நாடக வகுப்பு நடக்க வேண்டும், அதை நானே நடத்துவேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. எனக்குப் பிறகும் இந்த ஊரில் என்னுடையது என்று ஏதாவது இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. கல்லில் பெயரை வெட்டி வைப்பதைவிட நாலு பிள்ளைகள் வாயில் தமிழை வைத்துவிட்டுப் போவது மேல் என்று முடிவு செய்தேன்.

வந்த பிள்ளைகள் எல்லோரும் தில்லியில் பிறந்தவர்கள். தமிழில் கேட்டால் புரிந்துகொள்வார்கள், பதில் மட்டும் இந்தியில் வரும். தமிழ் எழுத்து யாருக்கும் தெரியாது. நான் எழுதிக் கொடுத்த வசனங்களை வீட்டில் அம்மா படிக்க, இவர்கள் இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார்கள். சங்கத் தலைவர் ஒருநாள் அந்தக் காகிதங்களைப் பார்த்துவிட்டார். நல்ல மனிதர்தான், கையில் மைக் கிடைக்கும் வரைக்கும்.

"இது வெறும் மனப்பாடம் மேடம். இதப் போய்த் தமிழ்னு சொல்லாதீங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முதலில் வாயில் வரட்டும், எழுத்து தானாக வந்து சேரும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, அவர் பேச்சு உள்ளே உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

நாடகமும் நான் எழுதியதுதான். சாணக்யபுரிப் பக்கத்துக் குரங்குகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து மனிதர்கள் மீது வழக்குப் போடுகின்றன. எங்கள் காட்டை எடுத்துக்கொண்டீர்கள், உங்கள் பால்கனிக்கு வந்தால் மட்டும் கம்பைத் தூக்குகிறீர்களே என்பது அவற்றின் புகார். நீதிபதி ஒரு மயில். முனிர்காவிலிருந்து அம்மாவோடு பஸ்ஸில் வரும் ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு அந்த வேஷம் கொடுத்தேன். அவளுக்கு நீளமான கழுத்து, யாரையும் நேராகப் பார்க்கும் கண். வகுப்பில் வசனத்தைத் தவிர அவள் வாயிலிருந்து நான் கேட்டதெல்லாம் "ஹாஞ்ஜி ஆன்ட்டி" என்ற இந்தி ஆமாம் ஒன்றுதான்.

அவளுடைய அப்பா ராணுவத்தில் இருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர், வாசலில் தயங்கித் தயங்கி நின்று என்னிடம் பேசினார்.

"ஃபோன்ல நான் தமிழ்லதாங்க பேசுவேன். அது இந்தியில 'அச்சா பாப்பா', சரிப்பான்னு சொல்லி ஃபோனை வெச்சுடும். நாலு வார்த்தை சேர்ந்தாப்ல அது தமிழ் பேசி நான் கேட்டதே இல்லைங்க மேடம்."

நாடகம் நடக்கும் அன்றுதான் அவருடைய விடுமுறையும் முடிகிறது. இரவு ரயில். எட்டு மணிக்குக் கூடத்திலிருந்து கிளம்பினால்தான் பிடிக்க முடியும். விட்டால் அடுத்து எப்போது வருவாரோ, அவருக்கே தெரியாது. ஆறரைக்கெல்லாம் திரை தூக்கிவிடுவேன், மகள் பேசுவதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போவீர்கள் என்று வாக்குக் கொடுத்தேன். என் மேடை, என் நாடகம், என்ன தடங்கல் வந்துவிடும் என்ற தைரியம்.

தடங்கல் நான்தான் என்பது விழாவன்று தெரிந்தது. வரவேற்புரை, குத்துவிளக்கு, அதற்கப்புறம் என்னை நடு நாற்காலியில் உட்காரவைத்துப் பாராட்டு. ஒருவர் என்னை வள்ளல் என்றார். அடுத்தவர் கல்வித் தாய் என்றார். அதற்கடுத்தவர் என் பெருமையைச் சங்க காலத்திலிருந்து தொடங்கினார். பேசிய ஒவ்வொருவரும் ஒரு பொன்னாடை. தில்லிச் சித்திரை வெயிலில் கம்பளி வியாபாரி மாதிரி வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தேன். பக்கத் திரைக்குப் பின்னால் குரங்குகள் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றன. முகத்துச் சாயம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மயில் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மூன்றாம் வரிசையில் அவள் அப்பா, கால்களுக்கு நடுவே பையை வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏழரை மணிக்குத் தலைவர் எழுந்து, சுருக்கமாகப் பேசுகிறேன் என்று ஆரம்பித்தார். அந்தச் சுருக்கத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்றேன். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். இன்னும் மூன்று பேர் பாக்கி இருக்கிறார்களாம்.

"உங்க பேர் இந்த ஊர்ல நிலைச்சு நிக்கணும் மேடம். அதுக்குத்தானே இவ்வளவும்" என்றார்.

பாவம், மனதாரத்தான் சொன்னார். ஆனால் நான் எழுந்துவிட்டேன். தோளில் இருந்த பொன்னாடைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையிலேயே அடுக்கினேன். இரண்டு கையும் நிறைந்துவிட்டதால் அவரால் மைக்கைப் பிடிக்க முடியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

"என்னைப் பத்திப் பேசறதுக்கு நான் செத்த பிறகு நிறைய நேரம் இருக்கு. இப்ப நாடகம்."

கூட்டம் சிரித்தது, பின்வரிசையில் விசில்கூட வந்தது. திரை இழுக்கிறவரைப் பார்த்து, பையா ஜல்தி, சீக்கிரம் என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன். முதல் காட்சியிலிருந்து தொடங்கினால் எட்டு மணிக்குள் நீதிமன்றம் வராது. அதனால் கடைசிக் காட்சியை முதலில் போடுங்கள் என்றேன். ஒரு குரங்கு திகைத்துப்போய், கேஸே இன்னும் போடவில்லையே என்று இந்தியில் கேட்டது. தீர்ப்பு முதலில், வழக்கு பிறகு என்றேன். அத்தனை வருஷம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

திரை எழுந்தது. மயில் நடந்து வந்து உட்கார்ந்தாள், பேசினாள். ஒரு சொல் பிசகவில்லை. அவள் அப்பா முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, கேட்டுக்கொண்டிருந்தார். குரங்குகள் முறையிட்டன, மனிதர்கள் மழுப்பினார்கள். மற்றவர்கள் நிதானமாகப் பேசப் பேச நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்ப்புக்கு இன்னும் ஒரு வசனம் இருக்கும்போது எட்டடித்துவிட்டது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குனிந்தபடி நாற்காலி வரிசைகளுக்கு நடுவே இருந்த நடைபாதைக்கு வந்தார்.

மேடையில் அவள் பேச்சு நின்றுவிட்டது. மறந்துபோனாள் என்று நினைத்து, பக்கத் திரையிலிருந்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நீதிபதியின் மரச் சுத்தியலை எடுத்து மேஜையில் ஒரு போடு போட்டாள்.

"அப்பா, நான் இன்னும் தீர்ப்பு சொல்லலை. உக்காருங்க. கேட்டுட்டுப் போங்க."

சிலர் சிரித்தார்கள். அவர் நடைபாதையில் விறைப்பாக நிமிர்ந்து நின்றார், மேலதிகாரி கூப்பிட்டதுபோல. "சரிம்மா" என்று சொல்லி, கிடைத்த நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தீர்ப்பைக் கேட்டுவிட்டு ஓடிப்போய் ரயிலைப் பிடித்துவிட்டார் என்று அவள் அம்மா பிறகு சொன்னாள்.

தலைவர் பொன்னாடைகளோடு என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கழுத்தை நீட்டி என் கையில் இருந்த நாடகப் பிரதியைப் பார்த்தார். இந்த வசனம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ரகசியமாகக் கேட்டார்.

"எழுதலை சார்" என்றேன். "அது அவளோட தமிழ்."